இடது மூலைச் சத்தம்

பண்ணைப்புரம் சுருளியாண்டிக்கு மனிதர்கள் பேசினால் பாதிதான் காதில் விழும். மனைவி ஜோதிலட்சுமி அடுப்படியிலிருந்து தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். ஆனால் பக்கத்துத் தெருவில் போகும் பைக்கில் செயின் தளர்ந்திருந்தால் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். இதை ஜோதிலட்சுமி குறையாகச் சொல்வார். சுருளியாண்டி தகுதியாகச் சொல்வார்.

முன்பு ஜீப் ஓட்டினார். விடியும் முன்னே கம்பம்மெட்டு மலை ஏறி, ஏலத்தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற பிழைப்பு. ஒருநாள் அவருக்கு முன்னால் போன வேறொருவர் ஜீப் வளைவில் கவிழ்ந்தது. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் ஜோதிலட்சுமி ஜீப் சாவியை வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டார். மலையே ஏறாத வண்டி வேண்டும் என்று இரண்டு பேரும் யோசித்து வாங்கியதுதான் இந்த மூன்று சக்கர டீசல் வண்டி. முன்னால் இன்ஜினும் அவரும். பின்னால் எதிரெதிராக இரண்டு இருக்கை. கடைசி இருக்கைக்கு நேர் கீழே இரண்டு பின்சக்கரங்கள்.

இதை விற்ற தேனி ஷோரூம், விற்று முடித்த திருப்தியில் கடையைச் சாத்திக்கொண்டது. அந்த இடத்தில் இப்போது பிரியாணி கிடைக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கம்பெனி ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். மதுரைக்குப் போய் வருவதற்குள் வண்டிக்குப் புதிதாக இன்னொரு நோய் வந்துவிடும் என்பது சுருளியாண்டியின் கணிப்பு.

காலையில் திராட்சைத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போவது, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருவது. பாதை பாதித் தூரம் தார் ரோடு. மீதி கால்வாய்க் கரை. ஒரு பக்கம் தோட்டத்து முள்வேலி, இடது பக்கம் தண்ணீர். கரையில் எதிரே ஆடு வந்தாலே யார் ஒதுங்குவது என்று பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும்.

கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட வாரத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது. கறக், கறக் என்று, பின்னாலிருந்து யாரோ எலும்பு கடிப்பதைப் போல. சுருளியாண்டியின் காது அதை உடனே பிடித்தது. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. இறங்கிக் குனிந்தால் நின்றுவிடும். ஏறி உட்கார்ந்தால் வரும்.

டீக்கடையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் வியாபாரி சைலன்சர் என்றார். வட்டிக்கடைக்காரர் டீசலில் கலப்படம் என்றார். போன் வீடியோவில் ஒரு மலையாளத்துக்காரர், இதே வண்டியைக் கழற்றி இதே சத்தத்தைக் காட்டி, என்ன காரணம் என்று சொல்லும் நேரத்தில் விளம்பரம் வந்தது. சுருளியாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு சின்னமனூர் மெக்கானிக் ஜஸ்டினிடம் போனார். ஜஸ்டின் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. மறுபடி ஓட்டினார். வண்டி கோயில் மாடு போலச் சாதுவாகப் போனது. “ஆளுகளோட கூட்டிட்டு வாங்கண்ணே, அப்பத் தெரியும்” என்றார். வண்டியைக் காட்டுவதற்காக வேலையை விட்டுச் சின்னமனூர் வர எந்தப் பெண்ணும் தயாராக இல்லை.

அவர்களில் ஜக்கம்மா கொஞ்சம் கனத்த உடம்பு. ஏறிய முதல் நாளிலிருந்து கடைசி இருக்கையின் இடது மூலைதான் அவள் இடம். முட்டிவலிக்கு அங்கேதான் கால் நீட்ட வரும். கவிழ்ந்த அந்த ஜீப்பில் அவளும் இருந்தாள். மற்றவர்களுக்குக் கை போயிற்று, கால் போயிற்று. இரண்டு பேர் வீடு திரும்பவே இல்லை. ஜக்கம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள். வேறு ஊராக இருந்தால் அவளை அதிர்ஷ்டசாலி என்றிருப்பார்கள். இங்கே, இவளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டார்கள். கேட்டவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒருநாள் ஜக்கம்மா, தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்று மார்க்கையன்கோட்டைக்குப் போய்விட்டாள். அன்றைக்குச் சத்தம் வரவில்லை. மறுநாள் வந்தாள், அதுவும் வந்தது. கூலிக்கு ஆள் சேர்க்கிற இருளம்மாள் இதைக் கவனித்துச் சுருளியாண்டியின் முதுகில் விரலால் தட்டி, பின்னால் கண்ணைக் காட்டினாள். சுருளியாண்டி அப்படியெல்லாம் நம்புகிற ஆளில்லை. அதனால் ஆதாரத்தோடு தெரிந்துகொள்ள முத்தாலம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ வந்தால் கோளாறு வண்டியில். வெள்ளைப் பூ வந்தால் ஆளில். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ஜஸ்டின் ஓட்டியபோது சத்தமில்லை. ஜக்கம்மா இல்லாதபோதும் சத்தமில்லை. பூவும் அதையே சொல்கிறது. மூன்றும் ஒத்துப்போகும்போது ஒரு மனிதர் வேறென்ன முடிவுக்கு வருவார்?

மறுநாள் காலை, வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லி ஜக்கம்மாவிடம் சுற்றி வளைத்துப் பேசினார். அவள் கடைசிவரை கேட்டாள். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கிய பிறகு சொன்னாள்.

“சரி தம்பி. ஆனா அந்த மூலையில ஆரையும் உக்கார வைக்காத. அங்கன காலுக்குக் கீழ தகரம் நடுங்குது. கருகுன வாடை வருது.”

வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியதும், “சாபம் விட்டுட்டா” என்றாள் இருளம்மாள்.

அந்த மூலை அன்றிலிருந்து காலியானது. பெண்கள் வலது பக்கம் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். இடது மூலையில் முந்தானைகூடப் படவில்லை. சத்தமும் வரவில்லை. இருளம்மாள் டீக்கடையில் பெரிய மனுஷியானாள். ஜக்கம்மாவுக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. அவள் வெளிச்சம் வருமுன்னே கிளம்பி, கால்வாய்க் கரையில் நடந்தே தோட்டத்துக்கு வந்தாள்.

கொடிகளைக் கழித்துவிடும் கவாத்து முடிந்து உரம் வைக்கிற நேரம் வந்தது. தோட்டக்காரர் உர மூட்டைகளை வண்டியிலேயே கொண்டுவரச் சொன்னார். எங்கே வைப்பது? காலியாக இருந்தது ஓர் இடம்தான். உர மூட்டைக்கு நல்ல ராசி, கெட்ட ராசி கிடையாது. இடது மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

கால்வாய்க் கரை ஏறியதும் கறக் என்றது.

முதலில் சுருளியாண்டி செய்தது, பின்னால் திரும்பி ஜக்கம்மா இருக்கிறாளா என்று பார்த்ததுதான். இல்லை. ஆனால் முன்னால் இருந்தாள். தூரத்தில் கரையோரமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். கறக், கறக், கறக்.

இருளம்மாளும் பார்த்துவிட்டாள். “அவ அங்கன நடக்குறா, இங்கன சத்தம் வருது பாரு. வெரசாப் போ தம்பி. தாண்டிட்டா நின்னுரும். ஆரும் அவளத் திரும்பிப் பாக்காதீக.”

சுருளியாண்டி வேகமாகப் போனார். வண்டி ஜக்கம்மாவைத் தாண்டியது. அவள் கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். உள்ளே இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். கண்ணாடியில் அவள் சிறுத்துக்கொண்டே போனாள். சத்தம் சிறுக்கவில்லை. அவள் விரல் அளவு ஆனாள். சத்தம் அரைக்கிற அம்மி அளவு ஆனது. அவள் புள்ளியாகி மறைந்தாள். அப்போது சத்தம் வண்டி முழுக்க இருந்தது. இடது பக்கம் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து, ஓசையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு வாடை வந்தது. கருகிய கிரீஸ் வாடை.

பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் தளர்த்தினார். கைப்பிடியை வேலிப் பக்கம் மெல்லத் திருப்பினார். வண்டி ஊர்ந்து, ஊர்ந்து, வேலிமுள் கூரையில் உரசும்போது இடது பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது. அந்தப் பக்கத்துச் சக்கரம் கழன்று, வண்டியைத் தாண்டி முன்னால் கொஞ்ச தூரம் தனியாகப் போனது. எங்கே போவது என்று யோசிப்பதைப் போல ஒருமுறை சாய்ந்தது. பிறகு கால்வாயில் இறங்கியது. தண்ணீர் அதை அவசரமில்லாமல் கொண்டுபோனது.

பெண்கள் முள்ளில் சேலை கிழிய இறங்கிக் கரையில் உட்கார்ந்தார்கள். யாரும் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜக்கம்மா நடந்து வந்து சேர்ந்தாள். வண்டியைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், தலைகளை எண்ணினாள்.

“எல்லாரும் எறங்கியாச்சா?” என்றாள். பிறகு தோட்டத்தைப் பார்த்து நடந்தாள். அன்றைக்கு நேரத்துக்கு வேலைக்குப் போனவள் அவள் ஒருத்திதான்.

ஜஸ்டின் வந்து, நொறுங்கிப்போன பேரிங்கைத் துணியில் கொட்டிக் காட்டினார். அந்த மூலையில் பாரம் விழுந்தால் மட்டுமே இது சத்தம் போடும், தான் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். வழக்கமாக அங்கே உட்காருகிறவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார். எல்லோரும் கால்வாயைப் பார்த்தார்கள்.

ஊர் ஒத்துக்கொண்டது வேறு. ஜக்கம்மா வாய் வைத்தாள், சக்கரம் போய்விட்டது. இப்படிப்பட்ட ஆளை வெளியே நடக்கவிட்டால் ஆபத்து, உள்ளே உட்கார வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று இருளம்மாளே சொன்னாள். சுருளியாண்டி அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க நினைத்து, முட்டிக்குத் தைலம் போட்டீர்களா என்று கேட்டார். மறுநாள் ஜக்கம்மா தூக்குடன் வந்து தன் மூலையில் உட்கார்ந்தாள்.

இப்போது வண்டியில் டேப்பில் பாட்டுப் போடுவதில்லை. சுருளியாண்டி கிளம்புமுன் இன்ஜினைக் கேட்பதில்லை. கண்ணாடியில் ஜக்கம்மாவின் முகத்தைப் பார்க்கிறார். அது சும்மா இருந்தால் கியர் போடுகிறார். ஜஸ்டின் புதுப் பேரிங் போட்டுக் கொடுத்திருக்கிறார். கம்பெனிப் பேரிங் இல்லை. கம்பெனிப் பேரிங்குக்கு மதுரை போக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை காலை, ஜக்கம்மா வழக்கம்போல ஏறி இடது மூலையில் உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை வரை போனது. சுருளியாண்டியின் காதில் ஒரு சத்தமும் இல்லை, சத்தியமாக இல்லை. கண்ணாடியில் பார்த்தார். ஜக்கம்மா காலைத் தகரத்தில் அழுத்திவைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்து, வலது பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். கால்வாய்க்குத் திரும்புகிற இடத்தில் சுருளியாண்டி இன்ஜினை அணைத்தார்.