ஸ்டியரிங்கில் இரண்டு கைகள்

முப்பது வருஷம் பிரான்சில் கார் ஓட்டிய சித்தப்பா, காரைக்கால் வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சாலை ஒழுங்கே தெரியவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். ஊர் எல்லையில் போலீஸ் நிறுத்தியதும், அந்த நாட்டு வழக்கப்படி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து அசையாமல் உட்கார்ந்தார்.

இங்கே நாம்தான் இறங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு அவர்களிடம் போக வேண்டும். ஜீப்பில் சாய்ந்திருந்த எஸ்.ஐ. விரலைச் சொடுக்கினார். சித்தப்பா நகரவில்லை.

“தொரை எறங்க மாட்டாரோ?” என்று வந்த எஸ்.ஐ., கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்து அறைந்தார். சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது.

“நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லுங்க.”

இன்னொரு அறை விழுந்தது.

எஸ்.ஐ. விரலைச் சொடுக்கியபோதே, இறங்காவிட்டால் வம்பு என்று பக்கத்து சீட்டில் இருந்த எனக்குத் தெரியும். “எறங்கிடுங்க சித்தப்பா” என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரமாக நான் வாங்கிக் கட்டிக்கொண்டேனே, அவரும் கொஞ்சம் வாங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.