குத்தூசிக்காரன் நெஞ்சு

புதுவயலில் ஒரு அரிசி மில்லில் எனக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் நெல் மூட்டைகளைக் குத்திப் பார்ப்பேன். குத்தூசி என்பது ஒரு சாண் நீளத்தில் நடுவே குழிந்த இரும்பு. மூட்டையைப் பிரிக்காமல் அதைச் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் நெல் கொஞ்சம் உள்ளங்கையில் வந்து விழும். அதைத் துண்டுத் தாளில் மடித்து முதலாளிக்கு அனுப்புவேன். "நல்ல சரக்குண்ணே" என்று சத்தியம் செய்யாத வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஒருவரையும் நம்பாமல் குத்திக்கொண்டே இருந்த நான், என் நெஞ்சை மட்டும் குத்தாமலே நம்பினேன்.

காலையில் மில்லுக்குள் வெயில் சாய்வாக இறங்கும். உமித் தூசி அந்த வெளிச்சத்தில் பொன்னாக மிதக்கும். அவித்த நெல்லின் ஆவியும் அதோடு சேர்ந்துகொள்ள, எதிரே வருகிற ஆள் பாதி கரைந்து தெரிவார். அப்படித்தான் என் மச்சான், என் மனைவியின் அண்ணன், இன்னும் எனக்குள் வந்துகொண்டிருக்கிறார். அதே மில்லில் எடை போட்டவர். முப்பது வருஷம் வாசல் வேப்பமரத்தடியில் சேர்ந்து நின்று சிகரெட் பிடித்தோம். வேலை முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம். அது நெஞ்சிலிருந்து தூசியை இறக்கிவிடும் என்பது மில்லில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. புகையையும் சேர்த்தே இறக்கிவிடும் என்று எங்கள் வசதிக்கு நினைத்துக்கொண்டோம்.

மச்சானுக்கு இருமல் வந்தது. "தூசிதான் மச்சான். வெல்லத்தக் கூடக் கொஞ்சம் போடுங்க" என்று நெல் மாதிரி மடிக்கிற துண்டுத் தாளில் வைத்திருந்த என் வெல்லத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் மதுரைக்குப் போனார். நுரையீரலில் புற்றுநோய், எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். அடுத்த நெல் அறுப்புக்கு அவர் இல்லை.

சிகரெட்டை அன்றோடு விட்டேன். ஆனால் மதுரை டாக்டர் சொல்லி அனுப்பிய இன்னொன்றை என் மனைவி பிடித்துக்கொண்டாள். பல வருஷம் புகை பிடித்து ஐம்பதைத் தாண்டியவர்கள், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் டாக்டரைக் கேட்டு, வருஷத்துக்கு ஒருமுறை குறைந்த கதிர்வீச்சில் நெஞ்சை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே அகப்பட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம்.

"எனக்கு ஒரு இருமல்கூட இல்லையே" என்றேன்.

"இருமல் வந்தபெறகு அங்குட்டுப் போயி என்ன செய்யப் போறீக? மூட்டையக் குத்தத் தெரியுதுல்ல? கெளம்புங்க."

கோவிலூர்க்காரி, நினைத்ததை விடமாட்டாள். எனக்கு உள்ளூரப் பயம். அதைக் கோபமாகக் காட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

படுக்கை ஒரு வெள்ளை வளையத்துக்குள் மெல்ல நகர்ந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது ஒரு குரல். பிடித்தேன். அந்தச் சில நொடிகளில் உலகம் அப்படியே நின்றது. களத்தில் காயும் நெல், அதன்மேல் அசையாத ஆவி, மரத்தடியில் மச்சான். கூப்பிட்டால் திரும்பிவிடுவார் போலிருந்தது. "மூச்சை விடலாம்" என்றது குரல். எனக்குத்தான் விட மனசில்லை.

வலது நுரையீரலில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு புள்ளி. இப்படிப்பட்ட புள்ளிகள் பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை, ஆனால் இதன் ஓரம் சரியில்லை என்றார் டாக்டர். விலா இடுக்கில் ஊசியைச் செலுத்தித் துணுக்கு எடுத்தார்கள். ஆயுசெல்லாம் குத்தியவன் அன்றைக்கு மூட்டையாகக் கிடந்தேன். புற்றுநோய்தான். வேறெங்கும் பரவவில்லை. ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். மயக்கம் தெளியும்போது அவித்த நெல்லின் ஆவிக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஆவி விலக, என் மனைவியின் முகம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, முதல் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணனுக்கும் ஒரு நாளு இம்புட்டுத்தான இருந்திருக்கும்."

அதுவரை அழாதவள் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "வெல்லத்தக் குடுத்து அவர டாக்டர்ட்டப் போகாம இருக்க வச்சது நாந்தான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அண்ணன் சட்டையத் தொவைக்க எடுத்தப்ப அந்த வெல்லம் பையில கெடந்துச்சு. உங்க தாளுதான்."

படத்தை உறைக்குள் போட்டாள்.

"அதையேதான நீங்களும் தின்னுக்கிட்டு இருந்தீக. அதான் ஸ்கேன் எடுக்குற வரைக்கும் உங்கள நான் விடல."