காளியப்பன் எடை போடாத பொட்டு

காளியப்பனைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி செல்லம், "நீங்க செஞ்சதையும் சேர்த்து எழுதுவீங்களா?" என்று கேட்டாள். எழுதத்தான் போகிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் காளியப்பனை எழுதியதாக ஆகாது.

ஜொகூரில், கெலாங் பாத்தாவிலிருந்து ஆறு மைல் உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நான் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் என் வேலை. காளியப்பன் பால் கொட்டகைக் கிராணி. காலையில் மரம் சீவப் போனவர்கள் வாளியில் கொண்டு வரும் ரப்பர் பாலை நிறுத்து எழுதுவது அவன் வேலை. பதினோரு வருஷம் நிறுத்தான். யாருடைய வாளியாக இருந்தாலும் முள் அசைவது நிற்கும் வரை வாயைத் திறக்க மாட்டான். வெயிலில் வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள், ஆனால் அவன் சொன்ன எடையை யாரும் ஒரு நாளும் மறுத்ததில்லை.

நிறுக்கிற பழக்கம் அவனைக் கொட்டகையோடு விடவில்லை. மகள் சந்திரமதி பிறந்ததும் வெள்ளிக்கிழமை தோறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுவான். "இது புள்ளையா, பால் வாளியா?" என்று அவன் மனைவி தனலெட்சுமி பின்னாலேயே ஓடி வருவாள். தைப்பூசத்துக்கு மொட்டை போட்டபோது முடியை ஒரு துணியில் சுருட்டிக்கொண்டு போய் நிறுத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கொடுத்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ரெண்டு ராத்தல் ஏறிட்டியேயா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காளியப்பன் சேலத்துப் பக்கம் பிறந்து, மூன்று வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவன். ஜொகூர் பாருவில் மாமன் வீட்டில் தங்கி ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தான். அங்கே ஒரு சீனன் கடையில் பழைய ரசாயனப் புத்தகம் ஒன்று வாங்கினான். முதல் இருபது பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது. அதனால் ரசாயனத்தில் இருபத்தோராம் பக்கத்திலிருந்து அவனுக்கு எல்லாம் தெரியும், அதற்கு முன்னால் எதுவும் தெரியாது. புத்தகத்தில் இருந்த எதையும் கையால் செய்து பார்த்ததும் இல்லை. செய்ய அங்கே என்ன இருந்தது, புகைக்கூடமும் புளித்த பாலும்தான்.

1934-இல் கம்பெனி எங்கள் தோட்டத்தில் ஒரு சின்னச் சோதனைக்கூடம் வைக்க முடிவு செய்தது. சிங்கப்பூரிலிருந்து கெமிஸ்ட் துரை வந்து இடம் பார்த்தார். அவருக்கு உதவியாள் ஒருவன் வேண்டும். காளியப்பன் போய்க் கேட்டேவிட்டான். துரை அவனை மேலும் கீழும் பார்த்து, "அடுத்த வாரம் ஒரு பரீட்சை வைக்கிறேன். தேறினால் உனக்கு, இல்லாவிட்டால் சிங்கப்பூரிலிருந்து ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது தராசும் மூசையும் இருந்த பெட்டியை, பூட்டுப் போட்ட அறை என்பதால், என் மருந்தறையில் வைத்துவிட்டுப் போனார். மூசை என்பது நெருப்பில் வைத்துச் சுடுகிற பீங்கான் கிண்ணம், எலுமிச்சம்பழ அளவு இருக்கும்.

அந்த ஒரு வாரம் காளியப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. "இது தவறிச்சின்னா சாவுற வரைக்கும் வாளிதான்யா" என்று என்னிடம் சொன்னான்.

துரை பரீட்சைக்குக் குறித்த நாள் விஜயதசமி. முதல் நாள் ஆயுத பூசை. வெள்ளைக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் மருந்தறையைக் கழுவி, கத்தரிக்கோல், ஊசி, கொய்னா பாட்டில், என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். துரையின் பெட்டியையும் திறந்தேன். தராசுக்கு இரண்டு தட்டிலும் வைத்தால் சமமாக இருக்காது என்று பெட்டிச் சட்டத்தில் வைத்தேன். அந்த அளவு அறிவு எனக்கும் உண்டு. பிறகு மூசையை எடுத்தேன். நாளைக்கு நெருப்பில் நிற்கப் போவது அதுதான். அதன் வெளிப்புற வயிற்றில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி, பொரி கடலை படைத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை துரை வந்தார். ஒரு மக்னீசிய உலோக நாடாவைச் சுருட்டிக் காளியப்பன் கையில் கொடுத்தார். "இதை மூசையில் எரி. எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடித்தது என்று நிறு. அந்த எடையிலிருந்து சாம்பலின் சூத்திரத்தைக் கண்டுபிடித்து எழுதிவை. பன்னிரண்டு மணிக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மானேஜர் பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

காளியப்பன் பெட்டியிலிருந்து மூசையை எடுத்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். துணியை எடுத்து மூசைக்குப் பக்கத்தில் கொண்டு போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னயா?"

"பொட்டு வச்சிருக்க."

"பூசை இல்லயா? வெக்காம?"

"புஸ்தகத்துல வெறும் மூசைய முதல்ல நல்லா சுட்டு, ஆறவச்சு, அப்புறம் நிறுக்கணும்னு போட்டிருக்கு. சுட்டா பொட்டு போயிடும்."

"விஜயதசமி காலையில நீயே பொட்ட அழிக்கப் போறியா?" என்று நான் அதட்டினேன். கடவுளே, அதட்டினேன்.

அவன் துணியை மடித்து வைத்தான். வேலை செய்யும்போது தானாகப் போனால் அது அம்மன் பார்த்துக்கொள்வது, நாமாகத் துடைத்தால் பாவம் என்று அவனுக்கும் தோன்றியிருக்கிறது. "ஒரு பொட்டு என்ன எடை இருந்துறப் போவுது" என்று அவனே சொல்லிக்கொண்டான். பிள்ளையை நிறுத்தவன், தலைமுடியை நிறுத்தவன், பொட்டை மட்டும் நிறுக்கவில்லை.

மூசையை நிறுத்தான். நாடாவை நிறுத்தான். சரியாக 0.60 கிராம். மூசைக்குள் போட்டு மூடி, பம்ப் ஸ்டவ்வில் வைத்தான். ஸ்டவ் இரைந்தது. மூடியை இடுக்கியால் ஒரு மயிரிழை தூக்குவான், உள்ளே கண் கூசும் வெளிச்சம் வரும், புகை தப்புவதற்குள் மூடிவிடுவான். கால் மரத்துப்போகும் வலியோடு ஒரு மணி நேரம் குந்தியிருந்தான். அறை முழுக்கச் சந்தனம் கருகிய வாசனை. எனக்குப் பக்திதான் வந்தது, புத்தி வரவில்லை.

ஆறவைத்து நிறுத்தான். முள் நிற்கும் வரை காத்திருந்தான். இன்னொரு தரம் நிறுத்தான். முகம் வெளுத்துப் போனது.

"0.20-தான் ஏறியிருக்கு."

"அதனால என்ன?"

அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். மக்னீசியத்தின் அணு எடை 24, ஆக்சிஜனுக்கு 16. ஒவ்வொரு எடையையும் அதனதன் அணு எடையால் வகுத்தால் எத்தனைக்கு எத்தனை என்று தெரியும். 0.60-ஐ 24-ஆல் வகுத்தால் 0.025. 0.20-ஐ 16-ஆல் வகுத்தால் 0.0125. ஆக, இரண்டு மக்னீசியத்துக்கு ஓர் ஆக்சிஜன். புத்தகமோ ஒன்றுக்கு ஒன்று என்கிறது. ஒன்றுக்கு ஒன்று வரவேண்டுமானால் 0.40 ஏறியிருக்க வேண்டும்.

"விடை தெரியுமில்ல? 0.40-ன்னு எழுதிட்டுப் போயா. தொர வந்து எண்ணிப் பாக்கவா போறாரு?" என்றேன்.

"முள்ளு 0.20-ல நின்னுச்சு."

"முள்ளு கெடக்குது, உன் வேல போவுது லா."

"தெரியும்," என்றான். 0.20 என்று எழுதினான். கீழே, இரண்டுக்கு ஒன்று என்றும் எழுதினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். இப்படி ஒரு பிடிவாதக்காரனை ஜொகூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பன்னிரண்டு மணிக்குத் துரை தாளைப் படித்தார். "உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறாய்" என்றார். சிரிக்கவில்லை.

காளியப்பன் அதற்குள் மூசையை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டு இருந்த இடத்தில் ஒரு கறைதான் மிச்சம். "சார், இன்னொரு முறை செய்ய அனுமதி கொடுங்கள்" என்று கேட்டான். துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாம்பலைக் கொட்டிய அதே மூசை, அதே அளவு நாடா, அதே ஸ்டவ். இந்த முறை 0.39 ஏறியது.

"இது சரி. அப்படியானால் முதலில் ஏன் தவறியது? காரணம் தெரியாதவன் கையில் நாளைக்கு எதை நம்பிக் கொடுப்பேன்?" என்று துரை கேட்டார்.

"முதல் முறை மூசையில் பொட்டு இருந்தது சார். பொட்டோடு நிறுத்தேன். பொட்டு எரிந்துவிட்டது. ஏறியதில் அது குறைந்துவிட்டது. சுட்டுவிட்டு நிறுக்காதது என் தப்பு."

துரைக்குப் பொட்டு என்றால் புரியவில்லை. காளியப்பன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். துரை அந்த நெற்றியை உற்றுப் பார்த்தார். "0.39-இல் 0.20 போனால் 0.19. இவ்வளவு சின்னது 0.19 கிராமா? நிரூபி" என்றார்.

வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை, காளியப்பனும் சொல்லவில்லை. "டிரஸ்ஸர் கொஞ்சம் சந்தனம் வைத்துக் கொடுக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். கம்பெனிப் பொருளில் நான்தான் சந்தனத்தை அப்பினேன் என்று தெரிந்தால் மானேஜர் என்னை ஊருக்கே கப்பலேற்றிவிடுவார் என்று பயம். அதனால் கழுவிய மூசையில் பட்டும் படாமலும் ஒரு பொட்டு வைத்தேன், புதுப்பெண் வைத்துக்கொள்கிற அளவுக்கு. ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, நிறுத்து, சுட்டு, மறுபடியும் நிறுத்தார்கள்.

குறைந்தது 0.06.

"மீதி 0.13 எங்கே?" என்று துரை கேட்டார். காளியப்பன் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், முதல் பொட்டைப் பார்த்தவன்தானே. ஆனால் என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. துரை எழுந்து தொப்பியை எடுத்தார். அவன் மூசையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினான். பதினோரு வருஷம் நிறுத்த கைகள், பெட்டியின் தாழ்ப்பாள் சிக்காமல் தடவிக்கொண்டிருந்தன.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "சார், நேற்று வைத்தது நான். இது மாதிரி இல்லை, இதைப் போல மூன்று மடங்கு வைத்தேன்" என்று சொல்லிவிட்டேன். துரை தொப்பியைக் கீழே வைத்தார். நான் சந்தனத்தைக் குழைத்து, நேற்று வைத்தது போலவே அப்பி, குங்குமத்தை அழுத்தினேன். துரை வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். காயவைத்தோம், நிறுத்தோம், சுட்டோம்.

0.19.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, அந்த 0.20 என்று எழுதிய தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஒன்றாம் தேதியிலிருந்து என்னோடு வேலைக்கு வா" என்று காளியப்பனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஏறும் முன் என் கையையும் குலுக்கினார்.

கார் போன பிறகு காளியப்பன் ஸ்டவ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கேட்டான்.

"ஏன்யா அவ்ளோ பெருசா வச்ச?"

"நீ பாஸாவணும்னுதான்யா."

அவன் என்னைப் பார்த்தான். முகம் கோணியது. அழுதுவிடுவான் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அவன் தன் தோள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.