தெரு முழுக்கப் பின்னால் வந்தவர்

கடலூரிலிருந்து நானும் என் நாத்தனாரும் வாரம் ஒருமுறை சிதம்பரம் போய், வீடு வீடாக இயேசுவைப் பற்றிப் பேசுவோம். கதவைச் சாத்தினாலும் சிரித்த முகத்தோடுதான் திரும்புவோம். அன்று ஒரு தெருவுக்குள் நுழையும்போதே சிரிப்பு வரவில்லை. முந்தின வாரம் அதே தெருவில் ஒருவன் எங்கள் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்திருந்தான்.

தடித்த மீசையும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக ஒருவர் தன் வீட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்தார். பயந்துபோய் அந்த வீட்டைத் தாண்டிவிட்டோம். அவரோ மொபெட்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நாங்கள் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஆளக் கூப்பிடப் போறாரு அண்ணி," என்றாள் நாத்தனார்.

"சிரிச்ச மாதிரியே நட," என்றேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனையில் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

"ஏம்மா, எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரல? என் சம்சாரம் படுத்த படுக்கையா கெடக்குறா. பேச ஆளில்ல. எங்களுக்கு எங்க சாமிதான். சும்மா வந்து பேசிட்டுப் போங்க."

பயத்தோடுதான் போனோம். அந்த அம்மா என் கையை விடவே இல்லை. வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றார்.

கிளம்பும்போது கேட்டார்: "என்னப் பாத்து பயந்துட்டீங்களா?"

"இப்பவும் கொஞ்சம் பயமாத்தாங்க இருக்கு."

"எனக்கும்தாம்மா. கூட்டிட்டு வர்றேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். நீங்க மாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னு தெரு முழுக்கக் கூப்பிட வாயே வரல."

வீடு வீடாகப் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.