மூன்று நாக்கு, ஒரே குறை

ஒரகடத்தில் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கிய காலம். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. புதிதாகப் பிறந்த மகன் பால் சரியாகக் குடிக்கவில்லை என்று ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வாயைத் திறந்து பார்த்த டாக்டர், "நாக்கு அடியில ஒட்டியிருக்கு, வெட்டி விட்டுடலாம்" என்றார். வெட்டினார். வலி கண்ட பிள்ளை அதன்பின் தாயின் மார்புப் பக்கமே திரும்பவில்லை.

கம்பெனி பஸ்ஸில் சொல்லிப் புலம்பினேன். பக்கத்து சீட்டில் இருந்த மணிமங்கலத்துக்காரர் நிமிர்ந்தார்.

"இன்னாபா, உன் புள்ளைக்குமா? என் பொண்ணுக்கும் அங்கதான் வெட்னாங்க. பக்கத்து வூட்டு கொயந்தைக்கும் அதான்."

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். லைனில் அடுத்தடுத்து மூன்று பீஸ் ஒரே குறையோடு வந்தால், பீஸை ஒதுக்கமாட்டோம். அளவு பார்க்கும் கேஜ் சரிதானா என்றுதான் முதலில் கேட்போம். இரும்புத் துண்டுக்காகக் கேட்கிற அந்தக் கேள்வியை என் பிள்ளையின் நாக்குக்காக ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.