ஐந்தடுக்கில் ஒரு பழம்

மரத்தில் அடுக்குத் தொட்டி செய்து வீட்டில் ஸ்ட்ராபெரி வளர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பலகையில் தாரோ எண்ணெயோ ஏறியிருக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் நீர் வடியத் துளை வேண்டும். மேல்தட்டு சீக்கிரம் காயும், கீழ்த்தட்டு ஊறிக் கிடக்கும். ஆகையால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக ஊற்றக் கூடாது. செடியின் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். முக்கியமாக, இதைத் திண்டுக்கல்லில் செய்யக் கூடாது. கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதெல்லாம் தெரியும். என் சித்தப்பாவுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

சித்தப்பா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தார். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா யாரையோ பிடித்து வாங்கிக் கொடுத்த வேலை. மில் பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு புரட்டாசி மாதத்தில் அவர் அந்த பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினார். கேட்டதற்கு, "இருமல் தாங்கலண்ணே" என்றார்.

அப்பா நம்பவில்லை. நம்பாமல் இருப்பது எங்கள் வீட்டில் அப்பாவின் இலாகா. பாலில் தண்ணீர் இருந்தால் பால்காரரைத் திட்டுவார். இல்லாவிட்டால் இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பார்.

"ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருக்கான். திங்கக்கெழம விடிஞ்சா இருமல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வர்ற வயித்துவலி மாதிரில்ல இருக்கு?" என்று அம்மாவிடம் சொன்னார்.

எனக்கும் அது சரியான தர்க்கமாகவே பட்டது, அந்த வயிற்றுவலியில் எனக்கு நல்ல அனுபவம் இருந்ததால். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்தவர்களுக்கு விடுமுறை நாளில் மூச்சு இளகி, வேலைக்குத் திரும்பும் நாளில்தான் இறுகும் என்பதை வெகுகாலம் கழித்துப் படித்தேன். அப்பா குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டியது நோயின் அடையாளம்.

சித்தப்பா கொடைக்கானலுக்குப் போய் ஈரச் சாக்கில் சுற்றிய நாற்றுகளோடு திரும்பினார். பூட்டுப் பட்டறையில் கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து கொல்லையில் ஆணி அடிக்கத் தொடங்கினார். இரண்டு பக்கச் சட்டங்கள், நடுவே ஏணிப்படி போல ஐந்து தொட்டிகள், உள்ளே சாக்குத் துணி, அதற்குள் செம்மண்ணும் மட்கிய சாணமும். இடத்தை அடைக்காமல் செங்குத்தாகத் தோட்டம் போடுவது அவருடைய திட்டம். வீட்டுக்கு வீடு ஒன்று செய்து விற்றால் மில் பக்கமே போக வேண்டாம் என்றார்.

பக்கத்து வீட்டுப் பாய் தோல் மண்டிக்குப் போகிற வழியில் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னப்பா, புறா வளக்கப் போறியா?"

"இல்ல பாய், கொடைக்கானல் பழம்."

"பழத்த இதுல வச்சிருவ. கொடைக்கானல எதுல வைப்ப?"

சித்தப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அப்பா உள்ளே இருந்து அந்த இருமலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், கள்ள நோட்டைத் தடவிப் பார்ப்பவர் போல.

அன்று மாலை தீர்ப்பு வந்தது. "பொங்கல் வரைக்கும் மில்லுல எடம் வச்சிருக்கச் சொல்லிருக்கேன். அதுக்குள்ள ஒரு பழம் காட்டு. ஒண்ணே ஒண்ணு. இல்லயா, பேசாம பஸ்ஸுல ஏறிரு." எனக்கும் ஒரு பொறுப்புத் தந்தார். "பாப்பா, கொல்லப்பக்கம் ஒரு கண்ணு வச்சுக்க."

நான் இரண்டு கண்ணையும் வைத்தேன். மார்கழியில் சில வெள்ளைப் பூக்கள் வந்தன; வந்த வேகத்தில் கருகி உதிர்ந்தன. சித்தப்பா செம்பில் நீர் மொண்டு ஐந்து தட்டுக்கும் சமமாக ஊற்றினார். மேலே இருந்தவை தாகத்தாலும் கீழே இருந்தவை அழுகியும் செத்தன. நடுத்தட்டில் மட்டும் இரண்டு செடிகள் யோசித்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் அடுப்படியில் சித்தியின் குரல் தணிந்து கேட்டது. நான் கதவோரம் நின்றேன். அதுவும் என் பொறுப்பில் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா அந்தப் பஞ்சுக்குள்ள போனாருன்னா மனுசன் மிஞ்ச மாட்டாருக்கா. ராவுல மூச்சுக்கு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறாரு."

"உங்க மாமாட்ட நீயே சொல்லேன்டி" என்றார் அம்மா.

"புருசனுக்குப் பரிஞ்சு பேசுறான்னு சொல்லுவாரு. சும்மாவே நம்பாத மனுசன்."

போகிக்கு முந்தின நாள் சித்தி பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், சின்ன வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். சித்தி நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிற குடும்பத்துப் பெண். பூவை வாங்கியவர் சாயங்காலம் வைத்துக்கொள்ளாமல் இருக்க மாட்டார். அன்று அவர் தலையில் பூ இல்லை. நான் குறித்துக்கொண்டேன்.

போகியன்று காலையில் சித்தப்பா கொல்லையிலிருந்து கத்தினார். "அண்ணே! அண்ணே! வந்துருச்சுண்ணே!"

எல்லோருக்கும் முன்னால் நான் ஓடினேன். நடுத்தட்டில் சிவப்பாக ஒரு பழம் தொங்கியது. முந்தின நாள் அங்கே காய்கூட இல்லை. கிட்டே போய் இலையை விலக்கினேன். பழத்தின் காம்பும் செடியின் காம்பும் வாழைநாரால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. சரம் தொடுக்கிற முடிச்சு. சித்தப்பாவுக்குச் செருப்பு வாரைக்கூட ஒழுங்காகக் கட்ட வராது. அந்த முடிச்சை எனக்குக் கற்றுக்கொடுத்தவரே சித்திதான்.

சவரம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: பொட்டலம், பூ இல்லாத தலை, நார், முடிச்சு. முழுமை கருதி அடுப்படியில் கேட்டதையும் சேர்த்தேன்.

கத்தி கன்னத்திலேயே நின்றது. "உங்க சித்தியா கட்டுச்சு?"

"ஆமாப்பா. அது சித்தி முடிச்சு."

"மூச்சுக்கு எந்திரிச்சு உக்காருறான்னு சொன்னுச்சா?"

"ஆமா. ஆனா அது வேற, இது வேறப்பா."

அப்பா மிச்சச் சோப்பைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கொல்லையில் சித்தப்பா தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதை அந்த முகத்தை வைத்து என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. சித்தி வாசற்படியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு முடிச்சை விரல்களால் மூடிப் பிடித்து, வெடுக்கென்று பறித்து, பழம், பச்சை இதழ், காம்பு, நார் எல்லாவற்றையும் ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார்.

நெடுநேரம் மென்றார்.

"பழந்தான்" என்றார். "கொஞ்சம் நாரா இருக்கு." விழுங்கிவிட்டு, "மில்லுக்குச் சொல்லி விட்டுர்றேன், ஆள் வரமாட்டான்னு. பொங்கல் கழிச்சு பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு பேருமாப் போயிட்டு வருவோம்ப்பா" என்றார்.

சித்தி சட்டென்று உள்ளே போனார். சித்தப்பா எதற்கென்றே தெரியாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் கீழ்த்தட்டில் ஊற்றினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பாடுபட்டுச் சேர்த்த சான்று அப்பாவின் வயிற்றுக்குள் போய்விட்டது. அவருக்கு அந்தப் பழத்தைத் தின்னத் தெரியவில்லை, அதனால் வந்த வினை என்றுதான் நினைத்தேன். அவர் பின்னாலேயே போய், காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் தின்ன வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன்.

"அப்பிடியா பாப்பா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அப்பா.

தனக்கு ஒன்று தெரியாது என்று அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டு நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். நானோ அதை மட்டும் அப்படியே நம்பினேன்.