தனசிங் எழுதாமல் விட்ட வரி

பைபிளைக் கீழே வைப்பதற்கு முன்பே தனசிங்கின் கட்டைவிரல் ஒலி மிக்சரின் பின்பக்கச் சுவிட்சைத் தட்டிவிடும். அப்புறம்தான் நாற்காலியை இழுப்பார், கம்ப்யூட்டரைப் போடுவார். எங்கள் இரும்புலியூர்ச் சபையில் பத்தொன்பது வருடம் அவர்தான் ஒலி.

வாரநாட்களில் பொத்தேரியில் ஒரு கல்லூரி லேபில் வேலை. சபைக் கம்ப்யூட்டர் யாரோ கழித்துக்கட்டியது. லினக்ஸ் ஏற்றி உயிர் கொடுத்தார். அதன் வழியாகத்தான் மைக்கெல்லாம் ஸ்பீக்கருக்குப் போகும். ஒவ்வொன்றையும் கையால் இணைக்க ஞாயிறுதோறும் முக்கால் மணி நேரம் ஆகும். இணைப்புகளை நினைவில் வைத்து ஒரே அழுத்தில் திறக்கும் செஷன் மேனேஜரை நிறுவ, ஈஸ்டருக்கு முந்தைய போன லெந்து நாட்களில் உட்கார்ந்தார். அது கேட்ட துணை மென்பொருள்களைத் தேடிப் போட்டே மூன்று சனிக்கிழமை போயிற்று. "சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி சார். ஒண்ணு குடுத்தா இன்னொண்ணு கேக்குது!" என்பார் என்னிடம்.

முடித்ததும் மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். கமிட்டிக்கு முன்னால் நின்று, "இனிமே யார் வேணா பண்ணலாம், ஒரே பட்டன்" என்றார். அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய பதினான்கு படிகளை நோட்டில் அழகாக எழுதியும் கொடுத்தார்.

செயலர் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப நம்ம ஃபிரெடியே பாத்துப்பாரு. நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே." ஃபிரெடி அவருடைய மருமகன், மேடவாக்கத்து ஐ.டி.காரர். ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பினார்கள். பாவிகள்! தனசிங் "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிறு முதன்முறையாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஃபிரெடி நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரைப் போட்டு, செஷனைத் திறந்து, அப்புறம் மிக்சரைப் போட்டார். ஒரு மைக்கும் பேசவில்லை. அதே பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். பாஸ்டரின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்னாச்சு?" என்று கிசுகிசுத்தேன்.

"மிக்சர் முதல்லயே ஆன்ல இருக்கணும் சார், இல்லன்னா செஷனுக்கு மைக்கே தெரியாது. இப்ப செஷனை மூடிட்டுத் திறந்தா சரியாயிடும்." ஃபிரெடியின் கையிலிருந்த நோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அதை நான் எழுதவேயில்ல. அது ஒரு வேலைன்னே தோணல."

"போய்ச் சொல்லுங்களேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையிலிருந்து செயலர் திரும்பி, வாருங்கள் என்று கையை ஆட்டினார். சபையே திரும்பிப் பார்த்தது. தனசிங்கின் கட்டைவிரல் விரித்திருந்த பைபிளிலிருந்து மெல்ல எழும்பியது.

அதை நாக்கில் தொட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.